இரண்டு தரம் செய்த விமானம்

பிள்ளைகளே, போன பெருநாளன்று நீங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்து ஒன்றாக இருந்து, வாப்பா செய்த விமானம் முகாமின் முட்கம்பியில் போய் மோதிய கதையைச் சொல்லிச் சிரித்தீர்கள். மூத்த மருமகனுக்கு அது புதுக் கதை. அவர் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஊரிலும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கதைக்கு முன்னும் பின்னும் சில விசயங்கள் இருக்கின்றன. முன்னால் நடந்தது உங்கள் உம்மாவுக்குத் தெரியும். பின்னால் நடந்தது அவவுக்கும் முழுதாகத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. எரிந்துபோன மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுவேன், ஃபேன், றேடியோ திருத்துவேன். பாண்டிருப்பிலிருந்து ஒருவர் ஒருநாள் மேசை ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்க அலுவலகமொன்றில் வாய்க்கால்களுக்கு வரைபடம் கீறுகிற வேலை அவருக்கு. ஃபேனை நான் கழற்றும்போது பக்கத்தில் குந்தியிருந்து, "இந்த இலையக் கொஞ்சம் வேற மாதிரி வளைச்சா இந்த ஃபேனே எழும்பிப் பறக்கும்" என்றார். பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு விமானம் என்றால் பைத்தியம். அவர் சைவத் தமிழர், நான் முஸ்லிம். ஆனாலும் இரண்டாம் மாதத்திலேயே நாங்கள் ஒருவரையொருவர் 'மச்சான்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம்.

உங்கள் மாமா சவூதியிலிருந்து வரும்போது தூரத்திலிருந்தே ஓட்டுகிற கார் ஒன்று கொண்டுவந்தார். கையில் பிடிக்கிற பெட்டியில் நீளமான ஏரியல் ஒன்று இருக்கும். கடற்கரை மணல் ஏறி, பத்து நாளில் காரின் பல்லுச் சக்கரங்கள் தேய்ந்துபோயின. "மச்சான், எடுத்து மோட்டரக் கழட்டிக்கங்க" என்று அதை என்னிடம் எறிந்துவிட்டார். அதற்குள்ளே மோட்டர் இருந்தது, மின்சாரம் ஏற்றி ஏற்றிப் பாவிக்கிற பற்றரி இருந்தது, கைப்பெட்டி சொல்வதை வாங்குகிற சின்ன றேடியோ இருந்தது, சில்லைத் திருப்புகிற தீப்பெட்டி அளவான ஒரு பெட்டி இருந்தது. பாண்டிருப்பு மச்சான் அவற்றைக் கண்டதும் அள்ளி எடுத்தார். பக்கத்துப் பழக்கடைத் தராசில் எல்லாவற்றையும் வைத்து நிறுத்தார்.

"இதுட பாரத்தப் பார்த்தா விமானமில்ல மச்சான், அம்மிக்கல்லு" என்றேன்.

"அம்மிக்கல்லுக்கும் ஏத்த மாதிரிச் செட்டை வெச்சாப் பறக்கும். நீ மோட்டரப் பாரு. செட்டைய நான் பாக்கிறன்."

இதற்கென்று வெளிநாட்டில் ஒரு மரம் இருக்கிறதாம், பஞ்சு மாதிரிப் பாரமில்லாத மரம். அது இங்கே எங்கே கிடைக்கும்? மாவடிப்பள்ளிப் பக்கம் வாய்க்கால் அளக்கப் போனவர், குளத்தில் முளைக்கிற நெட்டியை ஒரு கட்டுக் கட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளரிப் பிஞ்சைப் போல வெட்டுப்படும், கையில் வைத்தால் வைத்த மாதிரியே இராது. அந்த நெட்டியும் மூங்கில் சீவலும் பட்டம் கட்டுகிற தாளும் சேர்ந்துதான் எங்கள் முதல் விமானம். ஐந்து மாதம் செய்தோம். வெள்ளிக்கிழமைகளில் நான் ஜும்ஆ முடித்து வரும்போது அவர் கடை வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்.

செய்ததைவிடப் பிழை தேடியதுதான் கூட. மோட்டர் நிற்கும்போது வால் ஒழுங்காக இடமும் வலமும் திரும்பும். மோட்டரை ஓடவிட்டால் வாலுக்குக் குளிர்காய்ச்சல் பிடித்த மாதிரி நடுக்கம் வந்துவிடும். இரண்டு கிழமை மண்டையை உடைத்தோம். கடைசியில் பக்கத்தில் ஓடிய ஃபேன் ஒன்றால் என் கடை றேடியோ கரகரத்தபோது எனக்கு விளங்கியது. மோட்டருக்குள்ளே பறக்கிற தீப்பொறிதான் காரணம். பழைய றேடியோ ஒன்றிலிருந்து மூன்று சின்னக் கொண்டென்சர் கழற்றி மோட்டரில் ஈயம் வைத்து ஒட்டினேன். நடுக்கம் நின்றது. மச்சான் என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

மற்றப் பிழை அவருடையது. மாலையில் இரண்டு விரலில் ஏந்தினால் தராசு மாதிரிச் சரியாக நிற்கிற விமானம், அடுத்த நாள் காலையில் வாலைத் தொங்கப் போட்டுவிடும். அவர் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். கணக்கில் பிழையில்லை. நெட்டி கடல் ஈரத்தைக் குடித்துப் பாரம் ஏறுகிறது என்று உங்கள் உம்மாதான் சொன்னா. "பஞ்சுத் தலகாணி கூட இந்தக் காத்துக்கு ஈரமாகுது. குளத்துச் செடி சும்மா இருக்குமா?" என்றா. அதற்குப் பிறகு வார்னிஷ் பூசினோம்.

அறுவடை முடிந்த வயலில் ஒருநாள் அது பறந்தது. ஒரு பீடி பிடித்து முடிகிற நேரம் இருக்கும். காகங்கள் பின்னால் விரட்டின. அது தாளடியில் வந்து இறங்கியபோது மச்சான் வரம்பில் இருந்து அழுதார். அந்தச் சந்தோசத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. எழுதினாலும் இப்போது வேறு மாதிரித்தான் தெரியும்.

விமானத்தை எங்கள் வீட்டு நடு அறைக் கூரை வளையில் தொங்கவிட்டேன். ஏரியல் பெட்டியை மச்சான் தன் வீட்டு இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள், கண்டதையெல்லாம் இழுப்பீர்கள். அதற்காகத்தான். வேறு காரணம் இல்லை.

பிறகு காலம் கெட்டது. எங்கள் பக்கம் இராணுவ முகாம் ஒன்று போட்டார்கள். தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவே, முதலில் கதை குறைந்தது, பிறகு பாதையும் குறைந்தது. மச்சான் வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்தினார். சந்தையில் ஒருநாள், வீடு வீடாகத் தேடப் போகிறார்கள், கம்பி உள்ள சாமான் வைத்திருந்தால் குண்டு வைக்கிறவன் என்று ஆளையும் தூக்குவார்கள் என்று கதை வந்தது. அன்று மாலை உங்கள் மூத்தப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, வந்து வளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மருமகன், இது என்ட மகளுக்குச் சீதனமாக் குடுத்த ஊடு."

"ஓம் மாமா."

"இதுக்குள்ள நீங்க இருக்கிறது எனக்குச் சந்தோசம். சிப்பாய் வந்து கால் வைக்கப்படாது."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் ஊர்களில் ஆண்கள் பெண் வீட்டுக்குத்தான் வாழப் போகிறோம். கூரையும் அவர்களுடையது, வளையும் அவர்களுடையது. அந்த வளையில் என் சாமானைத் தொங்கவிட்டு அந்த வீட்டுக்கு ஆபத்தை வரவழைக்க எனக்கு என்ன உரிமை? அன்றே விமானத்தை இறக்கினேன். மோட்டரையும் பற்றரியையும் றேடியோச் சாமான்களையும் பிடுங்கி எடுத்து, கடையில் ஃபேன் உதிரிகள் கிடந்த பெட்டிக்குள் போட்டேன். செட்டையையும் உடம்பையும் குசினி அடுப்பில் வைத்தேன். வார்னிஷ் பூசிய நெட்டி, ஒரு மூச்சில் எரிந்தது. மச்சானுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. யாரிடம் சொல்லி அனுப்புவது என்று அன்று யோசித்ததாக ஞாபகம். இப்போது யோசித்தால், மனம் வைத்திருந்தால் ஆள் கிடைத்திருக்கும்.

மூன்றாம் நாள் பாண்டிருப்பில் தேடினார்கள். இரும்பு அலுமாரியைத் திறந்தார்கள். ஏரியல் பெட்டி அகப்பட்டது.

பகல் பதினொரு மணியளவில் ஜீப் ஒன்று என் கடைக்கு முன்னால் வந்து நின்றது. அதிகாரி ஒருவர், தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன், பின்னால் மச்சான். அவர் கையைப் பின்னுக்குக் கட்டியிருந்தார்கள். சேட்டில் ஒரு பொத்தானும் இல்லை. என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அதை நான் கண்டேன்.

"மச்சான், அந்த விமானத்த எடுத்துக் காட்டு. இவங்க நம்புறாங்க இல்ல" என்றார். நான் மறந்து எங்கேயோ வைத்துவிட்ட சாமானைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

சிப்பாய் பெட்டியைத் தூக்கிக் காட்டினான். "இது விளையாட்டுச் சாமானாம். மற்றது உன்கிட்ட இருக்காம். இருக்கா?"

பிள்ளைகளே, அந்த நேரம் என் புத்தியில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். விமானம் இல்லை. எரித்துவிட்டேன் என்று சொன்னால், விளையாட்டுச் சாமானை ஏன் எரித்தாய் என்று கேட்பான். பிறகு என்னையும் ஏற்றுவான், வீட்டுக்கும் போவான். இதை யோசிக்க ஒரு கண் சிமிட்டுகிற நேரம் கூட எடுக்கவில்லை.

"வல்லாஹி, எனக்கு ஒண்டும் தெரியா" என்றேன்.

அல்லாஹ்வின் பேரில் சத்தியம் செய்தேன். கேட்டால்தானே சத்தியம் செய்வது? ஒருவரும் என்னிடம் சத்தியம் கேட்கவில்லை.

மச்சான் என்னைப் பார்த்தார். அதிகாரி கடைக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார், ஃபேன்களும் மோட்டர்களும்தான். ஜீப் போய்விட்டது.

அடுத்த நாள் காலை மச்சானின் மனைவி கடைக்கு வந்தா. பாதை அப்படி இருந்த நேரத்தில் எப்படித் தனியாக வந்தாவோ. நேற்று நான் சத்தியம் செய்தது அவவுக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவா.

"காக்கா, அந்தச் சாமான முகாமில கொண்டு காட்டினா விட்டிருவாங்களாம். வாசல்ல நிண்ட ஒருத்தன் சொன்னவன்."

"இல்ல தங்கச்சி. எரிச்சுப் போட்டன்."

"எப்ப?"

"அவரப் புடிக்க முந்தி. பயத்துல."

அவ ஃபேன் ஒன்றின் கூட்டைப் பிடித்துக்கொண்டா. அழுவா என்று நினைத்தேன்.

"எரிச்சதச் செஞ்சவர் நீங்கதானே? திருப்பிச் செய்யுங்க" என்றா. "எத்தின நாள் வேணும்?"

"அஞ்சு நாள்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஐந்து மாதம் செய்த சாமானை ஐந்து நாளில் செய்யத் தொடங்கினேன். மாவடிப்பள்ளிக்குப் போக முடியாது, நெட்டி இல்லை. கூடை பின்னுகிற மூங்கிலை வாங்கிச் சீவினேன். பட்டத் தாளில் கடையில் கிடைத்தது றோஸ் நிறம் மட்டும்தான். அளவுகள் எல்லாம் மச்சானின் கொப்பியில் இருந்தன, கொப்பியையும் கொண்டுபோய்விட்டார்கள். செட்டை என் மூன்று முழம் என்பது ஞாபகம் இருந்தது. பற்றரி எந்த இடத்தில் இருந்தால் விமானம் சமநிலையில் நிற்கும் என்ற கணக்கு மட்டும் எனக்குத் தெரியாது. அது எப்போதும் அவர் வேலை. முற்றத்து மணலில் நின்று கையால் எறிந்து எறிந்து பார்த்தேன். மூக்கால் குத்தினால் பற்றரியைப் பின்னுக்கு நகர்த்தினேன். வாலைத் தொங்கப் போட்டால் முன்னுக்கு நகர்த்தினேன். ஒவ்வொரு தரமும் ஒரு மூங்கில் முறியும், அதை ஒட்டிக் காய்ந்த பிறகுதான் அடுத்த எறி. முந்தி "இந்தச் சனியன் எப்ப நம்மட ஊட்ட விட்டுப் போகும்" என்று கேட்ட உங்கள் உம்மா, வந்து செட்டையின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றா. மூத்தப்பா வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பெட்டி முகாமில் இருந்ததால், நான் ஒட்டிய கம்பிகள் வேலை செய்யுமா என்று பார்க்கவும் வழியில்லை. ஊமைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாதிரி வேலை.

ஆறாம் நாள் பள்ளிவாசல் தலைவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு, மச்சானின் மனைவியும் நானுமாக முகாமுக்குப் போனோம். றோஸ் நிற விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. வாசலில் அதே தமிழ் தெரிந்த சிப்பாய்.

"நீ தெரியாது சொன்ன ஆள்தானே?"

மச்சானின் மனைவி என் பக்கம் திரும்பினா. அவவுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

"பயத்துல சொன்னன் ஐயா" என்றேன்.

லுஹர் தொழுகை நேரம் வரை வெயிலில் நிறுத்திவைத்தார்கள். பிறகு அதிகாரி வந்தார். பெட்டியைக் கொண்டுவரச் செய்தார். பெட்டி செத்துக் கிடந்தது. யாரோ சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள், பற்றரி முழுதும் தீர்ந்துவிட்டது. மச்சானின் மனைவி சந்தைக்கு நடந்து போய், எட்டுப் பேனா பற்றரி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தா. வழிநெடுக அவ என்ன நினைத்திருப்பா என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

சுவிட்சைப் போட்டதும் வால் அசைந்தது. ஆனால் இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பியது. வால் கம்பியை மறுபக்கத்தில் மாட்டியிருக்கிறேன். கழற்றி மாட்டப் பயமாக இருந்தது. அதிகாரி "அறின்ன" என்று கையைக் காட்டினார், சிங்களத்தில் விடு என்று அர்த்தம். விட்டேன். மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்றுத் தூக்கியது. இரண்டு தென்னை உயரம் போனது. திருப்ப வேண்டிய இடத்தில், மாறித் தள்ள வேண்டும் என்பதை என் கை மறந்துவிட்டது. நேராக முட்கம்பியில் போய் மோதியது. றோஸ் தாள் கம்பியில் தொங்கியது. சிப்பாய்மார் கைதட்டிச் சிரித்தார்கள், ஒருவன் தொப்பியை மேலே எறிந்தான். நீங்கள் சொல்லிச் சிரிக்கிற கதை இதுதான்.

அதிகாரியும் சிரித்தார். சரி, விளையாட்டுச் சாமான்தான் என்றார். பள்ளிவாசல் தலைவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மச்சானின் மனைவி ஒரு அடி முன்னுக்குப் போய், "அப்ப அவர விடுங்க ஐயா" என்றா.

சிப்பாய் அதிகாரியிடம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அவர் இங்க இல்ல. முந்தநாள் லொறியில தெற்குக்கு அனுப்பினது. இங்கேருந்து கடிதம் எழுதுறோம்."

முந்தநாள் நான் முற்றத்தில் மூங்கில் ஒட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மாதம் கழித்து மச்சான் திரும்பி வந்தார். அவர்கள் பாண்டிருப்பு வீட்டைப் பூட்டிவிட்டு மட்டக்களப்புப் பக்கம் மனைவியின் ஊருக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதற்கு முந்தின நாள் பார்க்கப் போனேன். வீட்டில் சாமான்கள் கட்டிக் கிடந்தன. அவர் ஒரு கதிரையில் இருந்தார், வலது கையை மடியிலேயே வைத்திருந்தார். தேத்தண்ணி குடிக்கும்போதும் இடது கையால்தான் குடித்தார். மனைவி எனக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டு உள்ளே போனா.

"திருப்பிச் செஞ்சியாமே" என்றார்.

"ஓம்."

"பலன்ஸ் எப்படிப் புடிச்ச?"

"எறிஞ்சு எறிஞ்சு."

"ம்." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "வாலத் திருப்புற பெட்டி, றேடியோ எல்லாம் புதுசா எங்க எடுத்த?"

"பழசுதான் மச்சான். அதுகள எரிக்கல்ல. கடையில ஃபேன் பெட்டிக்குள்ள கிடந்தது."

"ஜீப் வந்த அண்டைக்கும் கிடந்ததா?"

"ஓம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அது போதுமே மச்சான். எங்கட ஏரியல் பெட்டிய அமத்த அந்தச் சின்னப் பெட்டி திரும்புறதக் காட்டியிருந்தாச் சரி. செட்டை என்னத்துக்கு?"

பிள்ளைகளே, றேடியோவும் மோட்டரும் திருத்துகிற நான், அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு நாளாவது இதை யோசிக்கவில்லை. விமானம் என்றால் பறந்து காட்ட வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜீப் நின்ற இடத்துக்கும் ஃபேன் பெட்டிக்கும் நடுவே இரண்டு முழத் தூரம் இருந்திருக்கும். மறுநாள் அவர் மனைவி வந்தபோதும் அந்தப் பெட்டி என் காலடியில்தான் கிடந்தது.

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். தேத்தண்ணியைத்தான் குடித்து முடித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து, "கடைசி பஸ் போயிரும், வெளிக்கிடு" என்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

அடுத்த கிழமை எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம், யாரோ ஒருவருக்காகக் கேட்கிற மாதிரி, பொய்ச் சத்தியத்துக்கு என்ன பரிகாரம் என்று கேட்டேன்.

"பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு. அதுக்கு வசதியில்லாட்டி மூணு நோன்பு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது அல்லாஹ்வோட கணக்குக்கு மட்டும். அந்தச் சத்தியத்தால ஒரு மனுசனுக்கு அநியாயம் நடந்திருந்தா, அத அந்த மனுசன்தான் பொறுத்து மன்னிக்கணும். அதுக்கு நோன்பு காணாது" என்றார்.

பத்துப் பேருக்குச் சாப்பாடு கொடுக்க அப்போது கையில் வசதி இல்லை. நோன்பைப் பிடித்தேன். வீட்டில் சொல்லவில்லை. காலையில் பசியில்லை என்றேன், பகல் சாப்பாட்டைக் கடையில் சாப்பிடுவதாகச் சொன்னேன். மூன்றாம் நாள் மஃரிப் பாங்கு சொல்லும்போது கடைப் பலகைகளை உள்ளே இருந்து சாத்திக்கொண்டு, குடத்தில் இருந்த தண்ணீரை ஒரு கோப்பையில் வார்த்துக் குடித்து நோன்பு திறந்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகு பலகைகளைத் திறந்தேன்.